பெரிய மீன் அறுபடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை கோவை போத்தனூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கறிக்கடையில் போய் நின்று பாருங்கள். உரித்த ஆடு கொக்கியில் தொங்கும். வருகிறவர்கள் கை காட்டிக் காட்டிக் கேட்பார்கள். "தொடையில அரைக்கிலோ போடுங்க, நெஞ்செலும்பு கொஞ்சம் சேத்துங்க, சுவரொட்டி இருக்குதுங்களா?" எந்தப் பாகம் குழம்புக்கு, எது வறுவலுக்கு, எது பிள்ளை பெற்றவளுக்கு என்று பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் தெரியும்.

அதே ஆட்கள் மீன்கடைக்குப் போனால் "கிலோ எவ்வளவுங்க?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பத்துக் கிலோ மீனாக இருந்தாலும் தலை, துண்டு, வால் என்று மூன்று பெயர்தான். கடல் நமக்குத் தூரம். ஆட்டை அறிந்த அளவு மீனை அறியவில்லை.

நாம் ஆட்டுக்குச் செய்வதை ஜப்பான்காரர்கள் மீனுக்குச் செய்கிறார்கள், அதையும் கூட்டம் கூட்டி, மேடை போட்டு. அந்தக் காட்சியைப் புரிந்துகொண்டால் நம் உக்கடம் சந்தையில் மீன் வாங்கும்போதும் அது உதவும்.

மேடையில் ஒரு மீன்

ஜப்பானியர்கள் இதை 'மகுரோ கைத்தாய்' என்கிறார்கள். மகுரோ என்றால் சூரை மீன். கைத்தாய் என்றால் பாகம் பாகமாகப் பிரித்தெடுப்பது. பேரங்காடிகள், ஓட்டல்கள், கல்யாண விருந்துகள் என்று பல இடங்களில் இது நடக்கிறது. வகயாமா மாநிலத்தில் உள்ள குரோஷியோ சந்தையில் சுற்றுலாப் பயணிகளுக்காகவே இதை நடத்துகிறார்கள். சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற ஊர்களில் ஜப்பானியக் கடைகள் இதை வாடிக்கையாளர்களை இழுக்கும் நிகழ்ச்சியாக்கிவிட்டன.

நீண்ட மேசையில் முழுச் சூரை கிடக்கும். முப்பது கிலோவும் இருக்கலாம், நூறு கிலோவைத் தாண்டியும் இருக்கலாம். ஒருவர் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்ல, ஒருவர் வெட்டுவார். பெரிய மீனுக்கான கத்தி வாள் போல நீண்டிருக்கும். அதன் மறுமுனையைப் பிடிக்கச் சில நேரம் இன்னோர் ஆள் வேண்டும். சிறுவர்களைக் கூப்பிட்டு எடையை ஊகிக்கச் சொல்வார்கள். வெட்டி முடித்ததும் அங்கேயே துண்டு போட்டு விற்பார்கள், அல்லது சுவைக்கக் கொடுப்பார்கள்.

இதற்குப் பின்னால் பெரிய வியாபாரம் இருக்கிறது. டோக்கியோவின் புகழ்பெற்ற சுகிஜி மீன் சந்தையின் மொத்த வியாபாரம் 2018 அக்டோபரில் டொயோசுவுக்கு இடம் மாறியது. புதிய இடத்தின் முதல் புத்தாண்டு ஏலம் 2019 ஜனவரி 5 அன்று நடந்தது. அன்று 278 கிலோ எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரையை, சூஷி உணவகங்கள் நடத்தும் கியோஷி கிமுரா 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு எடுத்தார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 21 கோடி ரூபாய். இறைச்சியை விற்று அந்தப் பணத்தை எடுக்க முடியாது. உலகம் முழுக்கப் பத்திரிகையில் வரும் விளம்பரத்துக்கும் சேர்த்துக் கொடுத்த விலை அது.

கத்தி எந்த வழியில் போகிறது?

நம் ஊர் மீன்காரர் வஞ்சரத்தைக் குறுக்கே வெட்டுவார். தலை போனதும் வட்டம் வட்டமாகத் துண்டு விழும். ஒவ்வொன்றின் நடுவிலும் முதுகெலும்பின் ஒரு கண்ணி இருக்கும். சூரையைப் பிரிக்கிறவர் எலும்பைக் குறுக்கே வெட்டுவதைக் கூடியவரை தவிர்ப்பார். எலும்பை ஒட்டியே கத்தி நீளவாக்கில் போகும்.

முதலில் துடுப்புகளும் செதிலும் போகும். செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கித் தலையை எடுப்பார்கள். பிறகு பக்கவாட்டில், தலைப்பக்கம் தொடங்கி வால்வரை ஓடும் நடுக்கோட்டில் ஒரு வெட்டு. முதுகு ஓரம் ஒரு வெட்டு, வயிற்று ஓரம் ஒரு வெட்டு. இப்போது ஒரு பக்கத்தில் முதுகுப் பாளம், வயிற்றுப் பாளம் என்று இரண்டு பிரிந்து வரும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே செய்தால் நான்கு பாளங்களும் நடுவில் ஓர் எலும்புக்கூடும் மிஞ்சும். மொத்தம் ஐந்து.

அந்த எலும்புக்கூட்டையும் விடமாட்டார்கள். முள் இடுக்கில் ஒட்டியிருக்கும் சதையைக் கரண்டியாலோ கிளிஞ்சல் ஓட்டாலோ சுரண்டி எடுப்பார்கள். அதற்குத் தனிப் பெயர், தனி ரசிகர் கூட்டம். தேங்காயைத் துருவி முடித்த பிறகும் ஓட்டை இன்னொரு முறை சுரண்டுகிற வீடுகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

நாம் குறுக்கே வெட்டுவதிலும் காரணம் இருக்கிறது. நமக்கு மீன் கொதிக்கும் குழம்பிலோ தோசைக்கல்லிலோ வேக வேண்டும். நடுமுள் இருந்தால் துண்டு உடையாது. முள்ளின் சாறும் குழம்பில் இறங்கும். ஜப்பானியருக்குச் சூரையைப் பச்சையாக மெல்லிய வில்லையாகச் சீவ வேண்டும். அதற்கு எலும்பில்லாத நீளப் பாளம்தான் வசதி.

கட்லா, ரோகு போன்ற நன்னீர் மீன்களில் சதைக்குள்ளேயே கவட்டை போல் பிரியும் சிறு முட்கள் உண்டு. குறுக்கு வெட்டில் அவை துண்டுபட்டுக் குட்டையாகின்றன. பவானிசாகர், ஆழியாறு அணை மீன்களில் சிறியதைவிடப் பெரியதைத் தேடி வாங்குகிறவர்கள் சொல்லும் காரணமும் முள்தான். பெரிய மீனில் முள் பெரிதாக இருப்பதால் விரலுக்குத் தட்டுப்படும். குழந்தைக்கு ஊட்டும்போது பயமில்லை.

ஒரே மீனில் ஏன் இத்தனை விலை?

ஆட்டில் தொடைக்கறியும் நெஞ்செலும்பும் ஒன்றல்லவே, அதுபோலத்தான். சூரையின் முதுகுப் பக்கம், எலும்பை ஒட்டிய உள்சதை கருஞ்சிவப்பாக, கொழுப்புக் குறைவாக இருக்கும். இதை 'அகாமி' என்பார்கள். வயிற்றின் முன்பகுதி வெளிர்சிவப்பு. நடுவே வெள்ளை வரிகளாகக் கொழுப்பு ஓடும். இது 'ஓத்தோரோ'. இரண்டுக்கும் இடைப்பட்டது 'சூத்தோரோ'. எடையில் குறைவாகக் கிடைக்கும் ஓத்தோரோவுக்குத்தான் விலை அதிகம்.

சதை ஏன் இவ்வளவு சிவப்பு? சூரை ஓயாமல் நீந்தும் மீன். வாயைத் திறந்தபடி நீந்தினால்தான் செவுள் வழியாகத் தண்ணீர் பாய்ந்து அதற்கு மூச்சு கிடைக்கும். இப்படி ஓய்வில்லாமல் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்ற நிறமி நிறைய வேண்டும். அதுதான் சிவப்பு. பெரும்பாலான மீன்களின் உடற்சூடு சுற்றியுள்ள தண்ணீரின் சூடுதான். சூரையோ தசையில் பிறக்கும் வெப்பத்தை வீணாக்காமல் ரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்றின் மூலம் உடலுக்குள்ளேயே திருப்பிக்கொள்கிறது. கடல் குளிர்ந்திருந்தாலும் அதன் உட்தசை வெதுவெதுப்பாக இருக்கும்.

இந்த வெதுவெதுப்புதான் மீனவருக்குச் சோதனை.

நம் சூரை ஏன் மலிவு?

டொயோசுவில் கோடிகளுக்குப் போனது நீலத்துடுப்புச் சூரை. நம் கடல்களில் கிடைப்பவை பெரும்பாலும் மஞ்சள்துடுப்புச் சூரை, வரிச்சூரை போன்ற வேறு வகைகள். இனம் வேறு என்பது விலை வித்தியாசத்துக்கு ஒரு காரணம். மீன் செத்த பிறகு முதல் ஒரு மணி நேரம் அதை எப்படி நடத்துகிறோம் என்பது இன்னொரு காரணம்.

தூண்டிலில் நீண்ட நேரம் போராடிய சூரையின் உடல் சூடேறும். தசையில் அமிலம் சேரும். அப்படியே போட்டுவிட்டால் சதை வெளிறி, நீர்கோத்து, வேகவைத்ததுபோல் ஆகிவிடும். அதனால் ஜப்பானிய மீனவர் பிடித்த உடனேயே மூளையில் ஊசியால் குத்தி மீனைக் கொன்று, ரத்தத்தை வடித்து, தண்டுவடத்தில் கம்பியை நுழைத்துத் துடிப்பை அடக்கி, பனிக்கட்டிக் கரைசலில் இறக்குகிறார். தொலைதூரக் கப்பல்கள் மைனஸ் 60 டிகிரிக்கு உறைய வைக்கின்றன. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் சூரையின் சிவப்பு மெல்லப் பழுப்பாகிவிடும். மைனஸ் 60-ல் நிறம் நிற்கும்.

நம் பக்கம் வலையில் சிக்கி மணிக்கணக்கில் கிடந்து சாகும் சூரையில் ரத்தம் வடிக்கப்படுவதில்லை. பனிக்கட்டியும் போதுமான அளவு சேராது. "சூரையா? ரத்த வாடை அடிக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வது இதனால்தான். அந்த மீனின் மேல் பாதிக் குற்றம்கூட இல்லை.

சூரைக்கு நம் பக்கத்துக் கடல்களில் கண்ட பழைய வழி வேறு. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் வரிச்சூரையை உப்புநீரில் வேகவைத்து, புகைபோட்டு, கட்டை போல இறுகும்வரை காய வைப்பார்கள். மளிகைக் கடையில் 'மாசி' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். ஜப்பானியர் சாற்றுக்குச் சீவிப் போடும் 'கட்சுவோபுஷி' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

ஆழ்கடலுக்குப் போய்ச் சூரை பிடிப்பதில் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் பேர்போனவர்கள். கொச்சியைத் தளமாக வைத்து நாள்கணக்கில் கடலில் தங்கி வருவார்கள். பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைத்து, ஆழ்கடல் சூரைப் பிடிப்புக்கு மீனவரை மாற்றும் திட்டம் 2017-ல் ராமேஸ்வரத்தில் தொடங்கப்பட்டது. அப்போது ஒரு படகுக்கு மதிப்பிட்ட செலவு 80 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுகள் மானியமாகத் தந்தன. படகு வாங்குவதோடு வேலை முடிவதில்லை. ரத்தம் வடித்து, குளிரில் வைத்து, பாளம் பிரிக்கத் தெரிந்த கைகள் கரையிலும் வேண்டும்.

மேற்கே திறந்த கதவு

கடல் இல்லாத கொங்கு நாட்டுக்கு மீன் வரும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். போத்தனூருக்கு இந்த வழி பழக்கமானது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை 1862-ல் முழுமையானபோது அது போத்தனூர் வழியாகத்தான் போனது. கோவை நகரத்துக்கு ரயில் வந்தது 1873-ல், மேட்டுப்பாளையம் போகும் கிளைப்பாதையில். இன்று சாலை வழியே பொன்னானிக் கடற்கரை இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் தூரம். நம் மீன்கடைப் பலகைகளில் வஞ்சரத்துக்குப் பக்கத்திலேயே நெய்மீன், வவ்வாலுக்குப் பக்கத்தில் ஆவோலி என்று மலையாளப் பெயர்கள் கலந்து கிடப்பது இதனால்தான். (நெய்மீனும் வஞ்சரமும் ஒன்றுதான், யாழ்ப்பாணத்தில் அதுவே அறக்குளா.)

பெட்டியில் பனிக்கட்டி போட்டு இரவெல்லாம் லாரியில் வந்து, உக்கடம் மொத்தச் சந்தையில் இறங்கி, அங்கிருந்து தெருக்கடைக்கு வந்த மீன் எப்போது பிடிபட்டது, எத்தனை முறை பனிக்கட்டி மாறியது என்பது நமக்குத் தெரியாது. கடற்கரையில் இருப்பவர் படகைப் பார்த்து வாங்குவார். நமக்கு உள்ள ஒரே சாட்சி, கண் எதிரில் அறுபடும் மீனின் உடம்பு.

டொயோசு ஏலத்திலும் இதுதான் முறை. அங்கே மீனின் வாலை வெட்டி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் டார்ச் அடித்து அந்த வெட்டுப்பரப்பைப் பார்ப்பார்கள். ஒரு துணுக்குச் சதையை விரலில் தேய்த்துக் கொழுப்பின் பதம் அறிவார்கள். நம் ஊர் அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பது அதே வேலைதான்.

கட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை

வெட்டும் முன்பு: கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், குழி விழுந்து பால் படர்ந்திருந்தால் பழசு. செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும்.

வயிற்றைக் கீறும்போது: குடல் உருவம் கலையாமல் தனித்தனியாக வர வேண்டும். கூழாகக் கரைந்து வந்தாலோ, வயிற்றுச் சுவர் தானாகவே கிழிந்திருந்தாலோ மீன் நேரங்கடந்தது.

முள்ளைப் பாருங்கள்: புதிய மீனில் விலா முள் சதையை விடாமல் பிடித்திருக்கும். பழைய மீனில் சதையிலிருந்து கழன்று தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியே எவ்வளவு தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக்கினாலும் இதை மறைக்க முடியாது. முதுகெலும்பை ஒட்டிய ரத்தம் செக்கச்செவேல் என்று இருப்பது நல்லது. பழுப்பேறி அக்கம்பக்கச் சதையில் கசிந்திருப்பது நல்லதல்ல.

வெட்டிய சதையில் வானவில் போல நிறம் மின்னினால் பயப்பட வேண்டாம். தசை இழைகளின் மேல் ஒளி சிதறுவதால் வருவது அது. சூரைத் துண்டு நாள் கடந்தும் தக்காளிச் சிவப்பாகவே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கார்பன் மோனாக்சைடு வாயு ஏற்றினால் அந்த நிறம் நிலைக்கும். உள்ளே கெட்டாலும் வெளியே தெரியாது என்பதால் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்த முறையை அனுமதிப்பதில்லை.

கூடியவரை முழு மீனாக எடை போட்டு எதிரில் வெட்டச் சொல்லுங்கள். தோலுரித்துத் துண்டாக்கிய பிறகு எந்த மீனுக்கும் எந்தப் பெயரையும் சொல்லலாம். கழிவு எவ்வளவு போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது; எடையில் கால் பங்கு அளவுக்கு அதுவே எடுத்துக்கொள்ளும். தலைக்கறி சாப்பிடாத வீட்டுக்குக் கட்லாவின் கிலோ விலை பார்வைக்குத்தான் மலிவு.

எங்கே எச்சரிக்கை வேண்டும்?

சூரை, அயிலை, மத்தி, வஞ்சரம் ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் 'மீன் ஒத்துக்கல' என்று நினைப்பார்கள். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. பிடித்ததிலிருந்து அடுப்புவரை 4 டிகிரிக்குக் கீழே வைப்பது ஒன்றுதான் தடுப்பு. திருவிழா போல மேடையில் மீன் வெட்டிக் காட்டும் ஆசை நம் ஊரில் யாருக்காவது வந்தால் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது பனிக்கட்டி, ஒலிபெருக்கி பிறகு. அங்கேயே பச்சையாகச் சுவைக்கக் கொடுப்பது ஜப்பானியக் குளிர்ப்பதன வரிசைக்குப் பொருந்தும். உக்கடம் லாரிக்குப் பொருந்தாது. நாம் வேகவைத்தே சாப்பிடுவோம்.

அடுத்தது ஃபார்மலின். 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று நடத்திய சோதனைகளில் இந்த ரசாயனம் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அந்த ஆண்டே கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீனில் தாளைத் தேய்த்து நிறமாற்றத்தைப் பார்க்கும் எளிய சோதனைக் கருவியை வெளியிட்டது. விறைத்த உடம்பும் மங்கிய கண்ணுமாக, மீன் வாடையே இல்லாமல், ஈகூட அண்டாமல் ஒரு மீன் கிடந்தால் விலகிவிடுங்கள்.

பெரிய மீன் என்றாலே நல்லது என்றும் இல்லை. மற்ற மீன்களைத் தின்று வளரும் சுறா, வாள்மீன், பெரிய சூரை போன்றவற்றில் பாதரசம் கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இவற்றைத் தவிர்த்து மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை எடுத்துக்கொள்வது நல்லது. திமிங்கிலச் சுறா, வேளா போன்றவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றைப் பிடிப்பதும் வெட்டுவதும் குற்றம்; வேடிக்கைக்கும் இடமில்லை.

கடைசியாக, குப்பைக் கூடை

சூரையில் சுத்தமான பாளமாகத் தேறுவது மொத்த எடையில் தோராயமாகப் பாதி. மீதியை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வெட்டுகிறவரின் திறமை தெரியும். ஜப்பானிய மேடையில் கன்னச் சதை, கழுத்தடி, கண்சுற்று என்று எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நம் ஊரில் குடலும் செதிலும் சாக்கடையோரம் போவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் இங்கேயே இயற்கை விவசாயிகள் மீன் கழிவையும் நாட்டுச்சர்க்கரையையும் சம எடையில் கலந்து மூடிவைத்து, சில வாரம் ஊறவிட்டு, மீன் அமிலம் எடுத்துப் பயிருக்குத் தெளிக்கிறார்கள். வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கும் இது ஆகும். தண்ணீரில் நன்றாகக் கலக்கி ஊற்ற வேண்டும்.

அடுத்த ஞாயிறு மீன் வாங்கப் போனால் காசைக் கொடுத்துவிட்டுக் காய்கறிக் கடைக்கு நகர்ந்துவிடாதீர்கள். புளியமரக் கட்டைக்குப் பக்கத்தில் நின்று, விலா முள் எப்படி வருகிறது என்று பாருங்கள். பிறகு வெட்டுகிறவரிடம் கேளுங்கள்: "வயித்துப் பக்கம் கொழுப்பா இருக்குமே, அதுல நாலு துண்டு தனியாப் போட முடியுங்களா?" கறிக்கடையில் இப்படிக் கேட்க நாம் யாரும் கூச்சப்பட்டதில்லை.